ஆவுடையாருக்குள் நான் வைத்தது

தம்பி,

உன் வீட்டுக்காரி எழுதிய கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. குருக்கள் இரண்டு தடவை படித்துக் காட்டினார். என் பேரனுக்கு முடி இறக்க உங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போனீர்களாம். தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்டு அழுதபோதுகூட நீ உள்ளே வரவில்லையாம். மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றாயாம். 'கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் மாமா. மற்ற கோயிலுக்கெல்லாம் வருகிறார், சிவன் கோயில் என்றால் வாசலோடு சரி. கேட்டால், நான் உள்ளே போகக் கூடாது என்கிறார். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. உங்களுக்காவது காரணம் தெரியுமா?' என்று கேட்டிருக்கிறாள். தெரியும். உனக்குப் பாதி தெரியும், எனக்கு முழுதும் தெரியும். மீதிப் பாதியைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மூச்சு இரைக்கிறது, கால் வீங்குகிறது, அதற்கு ரொம்ப நாள் இல்லை. ஆனால் நீ வெயிலில் நிற்பதைக் கேட்ட பிறகு அப்படிச் சாக முடியாது போலிருக்கிறது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம் காலனிக் கோயில் குருக்கள். வேறு யாரிடமாவது போயிருக்கலாம், நாலு வீடு தள்ளித் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இது இவர் கையால்தான் எழுதப்பட வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று அவருக்கும் இன்னும் தெரியாது. 'மருமகளுக்கு ஒரு பதில் எழுதணும் சாமி' என்று மட்டும் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

கோயில் எழும்பிய வருஷம் உனக்குப் பத்து வயது. சனத்நகரைத் தாண்டி அந்தப் பொட்டல் பாறையில் சர்க்கார் தொழிற்சாலை வந்து, குவார்ட்டர்ஸ் கட்டி, பண்ருட்டி, காட்பாடி, கும்பகோணம் என்று எங்கெங்கிருந்தோ வந்த நம் ஆட்கள் குடியேறியிருந்த காலம். தெலுங்குக்காரர்களுக்குக் குன்றின் மேல் ஓர் ஆஞ்சநேயர் பாறை இருந்தது. நமக்கு நல்லது கெட்டது எதற்கும் போய் நிற்க ஓர் இடம் இல்லை. ஒரு சிவன் கோயில் வேண்டும், அதுவும் நம் ஊர் முறைப்படி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். சிற்பி செய்த லிங்கம் வைக்கோல் சுற்றி கூட்ஸ் வண்டியில் வந்தது. அதை ஸ்டேஷனிலிருந்து இறக்கிக் கருவறையில் உட்கார வைக்கும் பொறுப்பு எனக்கு. தொழிற்சாலையில் எனக்குக் கலாசி வேலை. பெரிய மெஷின்களைத் தூக்கி, நகர்த்தி, ரசமட்டம் பார்த்து, மயிரிழை ஆடாமல் இடத்தில் நிறுத்துவதுதான் அந்த வேலை. நான் நிறுத்திய மெஷின் ஆடியது என்று எந்தச் சூப்பர்வைசரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதுதான் எல்லாவற்றுக்கும் முதல்.

லிங்கத்துக்கும் அதைத் தாங்கும் ஆவுடையாருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அஷ்டபந்தனம் சாத்துவார்கள். அரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, காவிக்கல், எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கைச் சேர்த்து, வெண்ணெய்ப் பதம் வரும் வரை நாள்கணக்கில் இடிக்க வேண்டும். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் உலக்கை பிடித்தோம். குருக்கள் அப்போது முப்பது வயது இளைஞர். பக்கத்தில் உட்கார்ந்து பதம் பார்த்துக்கொண்டே பேசுவார். "ஓய், மேலதிகாரி வரச்சே மட்டும் வேகமா இடிக்கப்படாது. இங்க மேலதிகாரி உள்ளயே இருக்கப்போறவர்" என்பார், எல்லோரும் சிரிப்போம்.

அவர்தான் எனக்கு லிங்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். அடியில் சதுரமாக இருப்பது பிரம்மா, நடுவில் எட்டுப் பட்டையாக இருப்பது விஷ்ணு, மேலே உருளையாக இருப்பதுதான் ருத்திரன். முதல் இரண்டும் ஆவுடையாருக்குள்ளும் பூமிக்குள்ளும் போய்விடும், நாம் கும்பிடுவது மூன்றில் ஒரு பங்கைத்தான் என்றார். நான் விடவில்லை.

"இம்மாம் பாடு எதுக்கு சாமி? ரெண்டு சட்டி சிமெண்டைப் போட்டா சாகுற வரைக்கும் நிக்குமே."

"அதான் கூடாதுங்கறேன். சிமெண்டு ஒரு தரம் இறுகினா இறுகினதுதான். இந்த மருந்து அப்படியில்லை. வெயில்ல கொஞ்சம் இளகும், குளிர்ல இறுகும், உசிரோட இருக்கும். பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் இதைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். அதுக்கு முன்னாடி அவரை மந்திரத்தால ஒரு கும்பத்து ஜலத்துல இறக்கி, வெளில சின்னதா ஒரு கொட்டகை போட்டுக் குடி வைப்பா. அதுக்குப் பேர் பாலாலயம். பழைய மருந்து போய், புது மருந்து வந்தப்பறம் திரும்பக் கூட்டிண்டு வந்து வைப்பா."

"இருக்குற சாமிய எதுக்குக் கிளப்பி உக்கார வைக்கணும்?"

"கல்லுல இருன்னு நாம கேட்டுண்டோம், அவர் இருக்கார். மறுபடி மறுபடி கேட்டுக்கணும் ஓய். அவர் போக முடியாதபடி அடைச்சு வைக்கிறதுக்குப் பேர் கோயில் இல்லை."

இதைக் கேட்டுக்கொண்டு உலக்கை பிடித்தவன்தான் நான். கேட்காதவன் செய்த தப்பு என்று நீ நினைத்துவிடக் கூடாது.

லிங்கத்தைச் செயின் பிளாக்கில் தூக்கி நான்தான் இறக்கினேன். ஆவுடையார்க் குழியில் சிற்பி ஒரு பக்கம் கூடுதலாகக் கொத்தியிருந்தார், விரற்கடை அகலம் இடைவெளி. கையை வைத்துத் தள்ளினால் நெல்லளவு அசைந்தது. மருந்து சாத்தினால் பிடித்துக்கொள்ளும், ஒரு மண்டலத்தில் இறுகிவிடும் என்றார் குருக்கள். ஆனால் வாசலில் நம் ஆட்கள் நின்றிருந்தார்கள். "என்ன மேஸ்திரி, சாமிக்கு இப்பவே ஊஞ்சல் உற்சவமா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் இறங்கிய இடம் எனக்குத்தான் தெரியும்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனார்கள். குருக்களும் குளிக்கப் போனார். காவலுக்கு நான் ஒருத்தன். என் கருவிப் பெட்டியில் மெஷின்களோடு கப்பலில் வந்த பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டு டப்பா, ஒன்றில் தேன் மாதிரி, இன்னொன்றில் எண்ணெய் மாதிரி. தனித்தனியாக இருக்கும் வரை சாது. கலந்துவிட்டால் இரும்பையும் கல்லையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு இரும்பு உடைந்தாலும் அது விடாது. கலந்தேன். அந்த இடைவெளியில் முக்கால் ஆழத்துக்கு ஊற்றினேன். குருக்கள் திரும்பி வருவதற்குள் கல்லாகிவிட்டது. அவர் குனிந்து பார்த்து, "ஆழம் குறைஞ்சிருக்கே?" என்றார். "அடியில மணல் போட்டு இறுக்கிட்டேன் சாமி" என்றேன். அவர் நம்பினார். இத்தனை பேர் எட்டு நாள் இடித்த மருந்து, நான் ஊற்றியதன் மேல் ஒரு பூச்சாகப் போயிற்று.

தம்பி, இந்த இடத்தில் குருக்கள் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் வரவில்லை. இன்று சாயங்காலம் தானாகவே வந்து உட்கார்ந்து, "சொல்லுங்கோ" என்றார். அதனால் தொடர்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் அந்த லிங்கம் மயிரிழை அசையவில்லை. அபிஷேகத் தண்ணீர் ஒரு சொட்டுக் கீழே இறங்கவில்லை. காலனியில் எல்லோரும் என் கைவேலையைப் புகழ்ந்தார்கள். எமர்ஜென்சி நேரத்தில் கும்பாபிஷேக வருஷம் வந்தது. பாலாலயம் நடந்தது, சாமியைக் கும்பத்தில் இறக்கித் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பழைய மருந்தை எடுக்க நான் வர வேண்டும் என்று கமிட்டியில் சொல்லியனுப்பினார்கள். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றேன். என் பிள்ளை அப்ரெண்டிஸ் முடித்துப் பிட்டராக இருக்கிறான், அவனை அனுப்புகிறேன் என்றேன். உன் அம்மா உடனே எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்து தேய்த்தாள். குப்புறப் படுத்துக்கொண்டு அதையும் தேய்த்துக்கொண்டேன். எனக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை, தம்பி. உளி வைக்கிற கை என் கையாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். அது உன் கையாக இருக்கும் என்பதை நினைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். நினைத்தேன். சின்னப் பையன், நிதானமாகச் சுரண்டுவான், எப்படியாவது வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் நீ வியர்வையோடு வீட்டுக்கு வந்தாய். கல்லுக்கு நீ ராயி என்றுதான் சொல்வாய், தெலுங்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

"அப்பா, மேல இருந்த மருந்து விரல்லயே வந்துடிச்சி. கீழ என்னமோ ராயி மாதிரி மஞ்சளா இருக்கு, உளி இறங்க மாட்டேங்குது. குருக்கள் யாகசாலைல இருக்கார். வரலைன்னா விட்டுடு, ஸ்தபதி வரட்டும்னார். என்னப்பா அது?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மணல்தான். பன்னெண்டு வருஷத் தண்ணில இறுகிப் போச்சு. நல்லா அடிச்சா வரும்" என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்தது. 'அடிக்காதே, நான் வருகிறேன்' என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். நீ அப்படியே வாசலில் நின்று இன்னொரு தடவை கேட்டாய், "அடிக்கலாமாப்பா? நிஜமா?" என்று. "உங்கப்பனுக்குத் தெரியாததாடா?" என்றேன். நீ சிரித்துக்கொண்டு போனாய். உன் பிள்ளை ஏதாவது கேட்டுக்கொண்டு வந்தால், கையில் இருக்கும் கவளத்தை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல். வேறு எந்தப் புத்திமதி சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

உச்சியிலிருந்து ஆவுடையார் வரை ஒரே விரிசல். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். இடுப்பு வலிக்காரன் ஓடி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நீ கவனித்தாய். குருக்கள் தலையில் அடித்துக்கொண்டு, "விட்டுடுன்னு சொன்னேனேடா, ஏன்டா அடிச்சே?" என்று கேட்டார். கமிட்டி செக்ரட்டரி, "திமிரு சார், படிச்ச திமிரு" என்றார். ஒரு பெண்பிள்ளை வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். நீ உளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். 'அப்பாதான் அடிக்கச் சொன்னார்' என்று நீ சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ சொல்லாததற்கும் நான் சொல்லாததற்கும் ஒரே பெயர் இல்லை, தம்பி.

உடைந்த லிங்கத்துக்குப் பூஜை இல்லை, தண்ணீரில் விட வேண்டும். லாரியில் ஏற்றி மஞ்சிரா ஆற்றுக்குக் கொண்டுபோனோம். வைக்கோலின் மேல் கிடந்த கல்லைப் பிடித்துக்கொண்டு நீ வழியெல்லாம் அழுதாய். லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "கைக்கு ரோதா பேட்டா?" என்று, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெற்ற அப்பன் கேட்கவில்லை. செயின் போட்டு இறக்கியது நான்தான். வைத்த கையே தண்ணீருக்குள்ளும் விட்டது. ஒட்டியிருந்த அந்த மஞ்சள் பசை வெயிலில் பளபளவென்றிருந்தது. மணல் அப்படி மின்னாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ரயில்வே குவார்ட்டர்ஸில் உனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா வந்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க. சிவலிங்கத்த உடைச்ச கை. அந்தக் கையால எம் பொண்ணு கழுத்துல…" என்று நிறுத்தினார். நீ உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி பிறப்பதற்குள் நீ வடக்கே வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ ஊரை விட்டுப் போன வாரத்திலிருந்து உன் அம்மா ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் விரதம் இருந்தாள். 'அவன் கையில் ஏறின பாவம் எறங்கணும்' என்பாள். பதினோரு வருஷம், மாதத்துக்கு இரண்டு முறை. அவளுக்குச் சர்க்கரை வியாதி, டாக்டர் கூடாது என்றார், கேட்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு மட்டும் சமைத்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து விசிறுவாள். நான் சாப்பிட்டேன். என் பாவத்துக்கு அவள் பட்டினி கிடக்க, அவள் எதிரிலேயே உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அவன் பாவம் கழிஞ்சிருக்குமாங்க?" என்று கேட்டாள். "கழிஞ்சிருக்கும்" என்றேன். அவன் பாவமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாள். கொள்ளி வைக்க வந்த நீ அன்றும் நம் கோயில் தெருப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாய்.

குருக்கள் வராத அந்த மூன்று நாளில் நான் கமிட்டி ஆபீசுக்குப் போனேன். இரண்டாவது லிங்கத்துக்கும் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் கும்பாபிஷேகம். காலனியின் மூத்த ஆள் என்று எனக்குப் பரிவட்டம் கட்டப் போகிறார்களாம். எனக்கு வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதைய செக்ரட்டரி சின்ன வயசு, பிற்பாடு வேலைக்கு வந்து சேர்ந்தவன். கவனமாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, "லிங்கம் உடைஞ்சுதா? எப்போ தாத்தா? எனக்குத் தெரியவே தெரியாது" என்றான். "விடுங்க. இப்ப இருக்கறது நல்லாத்தானே இருக்கு" என்றான். உன்னைப் பேசியவர்கள் ஒவ்வொருவராக ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார்கள், நான்தான் பக்கத்திலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டேன். அந்தப் பழைய செக்ரட்டரி செத்துப்போனாராம். உன் பெயரைக் கெடுத்தவர்களில் ஒருத்தரும் மிச்சமில்லை. அவர்களிடம் போய் உன் பெயரைத் திருப்பி வாங்கித் தர வழியில்லை. அந்தப் பழி இன்று இந்தக் காலனியில் எங்குமே இல்லை, உன் மனசில் மட்டும்தான் இருக்கிறது. நான் இத்தனை நாள் காத்திருந்ததில் கிடைத்தது இதுதான்.

இனி வருவது குருக்கள் உனக்குச் சொல்வது. அவர் வாய்ச்சொல்லையே எழுதச் சொன்னேன்.

"குழந்தே, பாலாலயம் ஆன அன்னிக்கே அவரைக் கும்பத்துக்குக் கொண்டுவந்தாச்சு. நீ உளி வெச்சப்போ அவர் தகரக் கொட்டகைல இருந்தார். நீ உடைச்சது வெறும் கல்லு. இதை அன்னிக்கே நான் எல்லார் முன்னாடியும் கத்திச் சொல்லியிருக்கணும். சொன்னா, அப்போ உன்னைத் தனியா உளி பிடிக்க விட்டது யார் தப்புன்னு எல்லாரும் என் பக்கம் திரும்புவான்னு பயந்துண்டு வாயை மூடிண்டேன். உங்கம்மா பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வந்து நிப்பா. அவகிட்டயும் சொல்லலை. நீ எந்தச் சிவன் கோயிலுக்குள்ளயும் போகலாம். போகணும். இது நான் சொல்றது."

எழுதி முடித்ததும் நான் அவரிடம் கேட்டேன். "அப்ப அந்தப் பன்னெண்டு வருஷம் சாமி? மருந்து இருக்க வேண்டிய இடத்துல நான் ஊத்துனது இருந்துச்சே. அவர் அங்க இருந்தாரா இல்லையா? நீங்க செஞ்ச பூஜையெல்லாம்?"

பேனா முனையைத் துண்டில் துடைத்தார். "அதை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்கோ" என்றார். "அதுக்குப் பதில் தெரிஞ்சுடுத்துன்னா நாளைக் காலம்பற நான் போய் மணி அடிக்க முடியாது."

தம்பி, உன் பாரத்துக்கு ஒரு வழி அவர் சொல்லிவிட்டார், சாஸ்திரத்தில் அது இருக்கிறது. என்னுடையதை இறக்கி வைக்க எந்தக் கும்பமும் இல்லை. உன் அம்மாவிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடம் சொன்னாலும் அது சொன்னதாக ஆகாது என்பது இந்த மூன்று நாளில் தெரிந்துவிட்டது. மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்கவில்லை. இதை உன் வீட்டுக்காரியிடம் படிக்கக் கொடு. மாமனாரைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டும்.

நீ பதில் எழுதினால் அதை எனக்குக் குருக்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். அதை நினைத்து எதையும் அடக்கிக்கொள்ளாதே. வாயில் என்ன வருகிறதோ அதையே எழுது, ஒரு சொல்லும் விழுங்காமல் படிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதவே மனமில்லை என்றால் அதுவும் நியாயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியானால், நீ உள்ளே போனாயா இல்லையா என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும்.

அப்பா